‘சோதித்தபோது இடையூறு ஏதும் இல்லை’ என்று கோப்பை மூட வேண்டாம்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்த மடல் முதலில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையில் ரேடியோ அலைவரிசைகளைக் கண்காணிப்பவர்களுக்கு. அடுத்து சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுக வாயில்களில் டிரெய்லர்களை வரிசையில் விடுபவர்களுக்கும், மாநில மீன்வளத் துறைக்கும். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், விஎச்எஃப் வயர்லெஸ் செட் எல்லாம் மாட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. மேடைப் பேச்சு எனக்கு வராது. ஆனால் ஒரு செட் ஏன் சிக்னல் எடுக்கவில்லை என்று கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வேன். வடசென்னையில் ஜிபிஎஸ் சிக்னலை அமுக்கும் ஜாமர் என்ற சிறு கருவியைத் தேடிப் பிடியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கொஞ்ச காலமாக என் கடைக்கு வரும் புகார் ஒரே மாதிரி இருக்கிறது. “அண்ணே, செட் போயிடுச்சு. படகுத்துறையில் கட்டியிருக்கும்போது இடம் காட்டவில்லை, முகத்துவாரம் தாண்டினால் காட்டுகிறது.” செட்டைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தால் குறை எதுவும் இருக்காது. ஆன்டெனா வயர் சரி, பேட்டரி சரி. மாடிக்கு எடுத்துப்போய் வானம் பார்த்து வைத்தால் ஒரு நிமிடத்தில் இடம் காட்டும். அப்புறம் திடீரென்று எல்லாம் போகும், கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வரும்.

செயற்கைக்கோள்களின் சிக்னல் வலிமையை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை என் கைபேசியில் போட்டு, எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். சாதாரணமாக 38, 42, 40 என்று பட்டைகள் நிற்கும். ஒரு கட்டிடம் மறைத்தால் அந்தப் பக்கத்துச் செயற்கைக்கோளின் பட்டை மட்டும் இறங்கும். இங்கே நடந்தது வேறு. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தபோது கிழக்கே இருப்பது, மேற்கே இருப்பது, உச்சியில் இருப்பது என்று அத்தனை பட்டைகளும் ஒன்றாகச் சரிந்தன. வரைபடத்தில் என் இடத்தைக் காட்டும் நீல நிறப் புள்ளி சாலையை விட்டு நகர்ந்து கடலுக்குள் போய் நின்றது. வரிசை நகர்ந்ததும் பட்டைகள் ஒன்றாகவே ஏறின. எந்த வண்டி என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இங்கே எழுதியிருக்க மாட்டேன். கைபேசியில் பார்த்ததை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது.

இதை நாளும் நேரமும் போட்டு ஓர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்தோம். எந்த அலுவலகம் என்பது இருக்கட்டும். வெகுநாள் கழித்து ஒரு மதிய வேளையில் கருவியோடு ஆட்கள் வந்தார்கள், கொஞ்ச நேரம் நின்றார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். “சோதித்தபோது இடையூறு ஏதும் இல்லை” என்று பதில் வந்தது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த மதியம் உண்மையிலேயே எதுவும் இருந்திருக்காது. சக்கரத்தில் ஓடும் ஒன்றை முன்கூட்டித் தேதி குறித்து வந்து தேடினால் அப்படித்தான் ஆகும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னல் நம் தலைக்கு மேல் வந்து சேரும்போது, ஒரு வாட்டை 1-க்குப் பின்னால் 16 சைபர் போட்டு வகுத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கும். ரிசீவரின் சொந்த இரைச்சலுக்கும் கீழே. கணக்குப் போட்டுத்தான் ரிசீவர் அதை வெளியே இழுக்கிறது. இந்த இடத்தில் அதே அதிர்வெண்ணில் 10 மில்லிவாட் மட்டுமே வெளியிடும் ஒரு ஜாமரை வைத்தால், திறந்த வெளியில் ஒரு கிலோமீட்டர் தள்ளியும் அதன் வலிமை ஜிபிஎஸ் சிக்னலைப்போல ஏறத்தாழ 25,000 மடங்கு. நடுவில் கன்டெய்னர், மதில், கட்டிடம் எல்லாம் மறைப்பதால்தான் நடைமுறையில் பாதிப்பு குறைகிறது.

அந்தப் பொருளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டைவிரல் அளவு. வண்டியின் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஒரு சின்ன விளக்கு எரியும். சிலவற்றில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் ஆன்டெனா. கைபேசி சார்ஜரோடு பக்கத்தில் வைத்தால் போலீஸ்காரருக்கும் வித்தியாசம் தெரியாது. தனியார் யாரும் ஜாமர் வைத்திருப்பதும் விற்பதும் நம் நாட்டில் சட்டவிரோதம். 2022-இல் தொலைத்தொடர்புத் துறையே பொதுமக்களையும் இணைய வணிக நிறுவனங்களையும் இது குறித்து எச்சரித்தது. ஆனாலும் கிடைக்கிறது.

ஏன் வைக்கிறார்கள்? முதலாளி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, வண்டியில் மாட்டிய ஜிபிஎஸ் கருவியைப் பார்த்து ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் போன் போட்டுக் கேள்வி கேட்டால் சில பேர் இதைத்தான் தேடுவார்கள். டீசலைத் திருட்டுத்தனமாக இறக்குகிறவரும் இருப்பார், துறைமுக வாயில் வரிசையில் ராப்பகலாய்க் காய்ந்துவிட்டு வீட்டுப் பக்கம் ஒரு மணி நேரம் ஒதுங்குகிறவரும் இருப்பார். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் தன் ஒரு வண்டியை மறைக்கச் செருகுவது, சுற்றியிருக்கும் எல்லோருடைய ஜிபிஎஸ்ஸையும் அணைக்கிறது என்பது அவருக்கே தெரியாது. அதை யாராவது சொன்னால் பாதிப் பேர் கழற்றிவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் நியூவர்க் விமான நிலையத்தை ஒட்டி ஒரு பெரிய நெடுஞ்சாலை போகிறது. விமானங்கள் துல்லியமாகத் தரையிறங்க உதவும் ஜிபிஎஸ் தரைநிலையம் ஒன்றை 2009 வாக்கில் அங்கே வைத்தபோது, அது அடிக்கடித் தடுமாறியது. சாலையில் போகிற வண்டிகளின் ஜாமர்கள்தான் காரணம் என்று தெரிந்தது. 2012 ஆகஸ்டில் ஒரு பிக்கப் வண்டியை அதிகாரிகள் திசைகாட்டும் ஆன்டெனா வைத்துப் பிடித்தார்கள். நிறுவனம் தன்னைக் கண்காணிப்பதைத் தடுக்கவே வைத்தேன் என்றார் ஓட்டுநர். அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட அபராதம் 31,875 டாலர். அவரைப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம், தரைநிலையத்தின் ரிசீவர்கள் எந்நேரமும் அங்கேயே இருந்தன, இடையூறு வந்த நேரத்தைக் குறித்துவைத்தன. நம் வடசென்னையில் அப்படி எந்நேரமும் விழித்திருக்கும் காது ஒன்றும் இல்லை. நான் கேட்பது அதைத்தான்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஜிபிஎஸ் வருமுன் கடலுக்குள் மீன் கூடும் ஒரு பாரை (கடலடிப் பாறையை) எப்படித் திரும்பக் கண்டுபிடித்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கரையில் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு புகைபோக்கியும் ஒரே கோட்டில் வரவேண்டும்; வேறு திசையில் லைட்ஹவுஸும் இன்னொரு கட்டிடமும் ஒரே கோட்டில் வரவேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வலையை இறக்கு. ஜாமரைத் தேடுவதும் இதே வேலைதான், தலைகீழாக. கரையில் இரண்டு மூன்று இடத்தில் திசை பார்க்கும் ஆன்டெனாவைச் சுழற்றினால் ஒவ்வொன்றும் ஒரு கோடு தரும். கோடுகள் வெட்டும் இடத்தில் ஆள் இருக்கிறார்.

சொல்வது எளிது. எண்ணூர் சாலையில் செய்வது கஷ்டம். அடுக்கடுக்காக நிற்கும் கன்டெய்னர்கள் எல்லாமே இரும்புச் சுவர்கள். அலை அதில் பட்டுத் திரும்பும்போது ஆன்டெனா கன்டெய்னர் யார்டைக் காட்டும், ஆள் சாலையில் இருப்பார். திசைக்குப் பதிலாக, ஒரே இடையூறு பல ரிசீவர்களுக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடம் குறிக்கும் முறையும் உண்டு. ஒரு மைக்ரோ நொடி தவறினால் 300 மீட்டர் தவறும் என்பதால் எல்லா ரிசீவர்களின் கடிகாரமும் அச்சுப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். பொதுவாக அந்தக் கடிகாரங்களை ஒத்து வைப்பதே ஜிபிஎஸ்தான்! ஜாமரைப் பிடிக்க வைத்த கருவியை ஜாமரே குழப்பிவிடும். ஆகவே ஜிபிஎஸ் இல்லாமலே துல்லியமாக ஓடும் ருபிடியம் அணுக் கடிகாரமோ கண்ணாடியிழைக் கம்பி வழியாக வரும் நேரமோ வேண்டும். உங்களிடம் இருக்கும் பெரிய வண்டிகளையும் கருவிகளையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவை தினமும் வந்து நிற்க முடியாது, அவ்வளவுதான்.

அதனால் சின்னதிலிருந்து தொடங்கலாம். இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஜிபிஎஸ் மாட்யூல்களே தங்களைச் சுற்றி இரைச்சல் கூடுவதை உணர்ந்து எண்ணாகச் சொல்கின்றன. இடையூறு வந்தால் ரிசீவர் தன் உள்ளீட்டின் பெருக்கத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்தக் குறைவையும், எல்லாச் செயற்கைக்கோள்களும் சேர்ந்து விழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கட்டிடமா, மாடிக் கைப்பிடிச் சுவரா, ஜாமரா என்று பிரித்துவிடலாம். இப்படிப்பட்ட பெட்டிகளைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒன்று, திருவொற்றியூர் பக்கம் சாலையோரம் ஒன்று, மணலிச் சாலை பிரியும் இடத்தில் ஒன்று, எண்ணூரில் ஒன்று என்று வைத்து மூன்று மாதம் ஓடவிடுங்கள். முதல் பெட்டியில் காலை 4.10, அடுத்ததில் 4.25, அதற்கடுத்ததில் 4.50 என்று பதிவானால் அது வடக்கே போகும் வண்டி. எல்லாப் பெட்டியும் விடாமல் காட்டினால் எங்கோ ஓரிடத்தில் நிலையாக இருக்கும் பொருள். ஒரே பெட்டி மட்டும் இரவு முழுக்கக் காட்டினால் பக்கத்தில் நிற்கும் வண்டியோ படகோ. ஆன்டெனாவைத் தூக்குவதற்கு முன்பே பாதித் துப்பு துலங்கிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மலிவு ஜாமர்கள் பெரும்பாலும் ஒரு அதிர்வெண்ணில் நிற்பதில்லை. பல மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மேலும் கீழும் மைக்ரோ நொடிக் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் போகப் போக அதிர்வெண் எப்படி மாறுகிறது என்று காட்டும் திரையில் பார்த்தால் சாய்ந்த கோடுகளாகத் தெரியும். எவ்வளவு வேகத்தில், எவ்வளவு அகலத்துக்கு ஓடுகிறது என்பது கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். நல்ல ரிசீவர் ஒன்று அந்தத் துண்டைப் பதிந்துவைத்தால், செவ்வாய்க்கிழமை வந்த ஜாமரும் வெள்ளிக்கிழமை வந்த ஜாமரும் ஒன்றா என்று சொல்லிவிடலாம். அதே ஆள் தினம் வருகிறார் என்று தெரிந்த பிறகு, உங்கள் ஆட்கள் அந்த நேரத்துக்கு மட்டும் வந்தால் போதும்.

வாயிலில் பிடிப்பதைப் பற்றித் துறைமுகக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சோதனைச் சாவடியிலேயே கருவியை வைத்தால் பயனில்லை. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கை தானாக லைட்டர் சாக்கெட்டுக்குப் போகும். வரிசையின் நடுவில், யாரும் கவனிக்காத விளக்குக் கம்பத்தில் ரிசீவரையும் பக்கத்தில் ஒரு கேமராவையும் வையுங்கள். வண்டிகள் ஊர்ந்து போகும் இடத்தில் எந்த எண் தகடு கடக்கும்போது இரைச்சல் உச்சத்துக்குப் போகிறது என்று நாலைந்து நாள் பார்த்தாலே பெயர்ப்பட்டியல் சுருங்கிவிடும். அதை விட்டுவிட்டு வரிசையில் நிற்கும் எல்லா ஓட்டுநர்களையும் இறக்கி கேபினைக் குடைவது என்று ஆரம்பித்தால், அன்றைக்கே பிரச்சினை வேறு மாதிரி ஆகிவிடும். பல மணி நேரம் வரிசையில் நிற்பவர்களின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

இன்னும் ஒன்று. விமானங்கள் அனுப்பும் தகவலை வைத்து உலகம் முழுக்க ஜிபிஎஸ் இடையூறு வரைபடங்கள் தயாராகின்றன. சென்னையில் அந்தப் படம் பச்சையாக இருக்கிறது, பிரச்சினை இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உயரத்தில் பறக்கும் விமானத்துக்குப் போர்க்களத்துப் பெரிய ஜாமர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரிலிருந்தே தெரியும். 2018-இல் சிரியாவில் ஒரு விமானத் தளத்திலிருந்த ஜாமரை, சர்வதேச விண்வெளி நிலையத்தில் வைத்த ரிசீவரின் பதிவுகளைக்கொண்டே டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம் குறித்தார்கள். இரண்டு கன்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவே எரியும் கட்டைவிரல் பெட்டி அந்த அளவுக்கெல்லாம் தெரியாது. தரையில் இருப்பதைத் தரையில்தான் தேட வேண்டும்.

மீனவர்கள் பேரில் இதைப் பெரிதாக்கவும் நான் விரும்பவில்லை. கரையை விட்டுப் பத்து மைல் போன பிறகு சாலையில் ஓடும் ஜாமர் எங்களை ஒன்றும் செய்யாது. எங்களுக்கு ஆபத்து துறைமுக வாயிலில், விடியுமுன் இருட்டில், பனிமூட்டத்தில். தெற்கே ஒட்டியபடி சென்னைத் துறைமுகம். வடக்கே எண்ணூருக்குப் போகும் கப்பல்கள். கப்பல் தன் இடத்தை மற்றவர்களுக்கு அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியும் இடத்தை ஜிபிஎஸ்ஸிடம்தான் வாங்குகிறது. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரையில் ஒதுங்கிய எண்ணெயை எர்ணாவூரில் வாளி வாளியாக அள்ளியதை நாங்கள் மறக்கவில்லை. அதற்கு ஜாமர் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் எல்லாக் கருவியும் வேலை செய்யும்போதே அப்படி நடக்கும் கடல் இது. வடக்கே போகும் படகுகளுக்கு இன்னொரு தலைவலி: பழவேற்காட்டுக்கு மேலே ஆந்திரக் கடல். எல்லை தாண்டினாய் என்று அங்கே படகைப் பிடித்துவைத்தால், செட்டில் பதிவான தடம்தான் எங்கள் ஒரே சாட்சி. கிளம்பும்போதே செட் குழம்பிப் போயிருந்தால் அந்தச் சாட்சியை யார் நம்புவார்கள்?

சரி, எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கு முக்கியம். 2001-இல் கலிபோர்னியாவில் மாஸ் லேண்டிங் என்ற சிறு மீன்பிடித் துறைமுகத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாமல் போனது. மாதக்கணக்கில் தேடினார்கள். கடைசியில் அகப்பட்டது உளவாளியும் இல்லை, திருடனும் இல்லை; படகுகளில் இருந்த டிவி ஆன்டெனாக்களின் பூஸ்டர்கள், அதாவது சிக்னலைப் பெருக்கும் கருவிகள். பழுதான பூஸ்டர் தானாக அலறத் தொடங்கி, சரியாக ஜிபிஎஸ் அதிர்வெண் பக்கத்தில் அலறியிருக்கிறது. அதுவும் ஒன்றில்லை, மூன்று. படகு உரிமையாளர்களுக்கு எதுவுமே தெரியாது. காசிமேட்டில் எத்தனை படகுகள் நெருக்கியடித்துக் கட்டியிருக்கின்றன என்று பார்த்தவர்களுக்கு, இந்தச் சந்தேகம் வராமல் போகாது. பெயர் தெரியாத பூஸ்டர், மலிவான எல்இடி விளக்குக்கு மின்சாரம் தரும் சுற்று, இரண்டு மூன்று சார்ஜர் என்று படகு ஓட்டும் அறையான ஒவ்வொரு வீல்ஹவுஸும் ஒரு சிறு ரேடியோ நிலையம். என்னிடம் வருகிற படகுகளில் ஜிபிஎஸ்ஸை மட்டும் பேட்டரியில் ஓடவிட்டு, மற்றதையெல்லாம் அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். எதைப் போட்டதும் பட்டைகள் இறங்குகின்றனவோ அதைக் கழற்று. காசு செலவில்லாத சோதனை. மீன்வளத் துறை இதை ஒரு பக்கத் துண்டறிக்கையாக அச்சடித்து, டீசல் மானியத்துக்கு வரும்போது கையில் கொடுத்தால் போதும்.

‘நாவிக் இருக்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று ஒருவர் அறிவுரை சொன்னார். நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள் என்பதில் எனக்கும் பெருமைதான். அவை 1176.45 மெகாஹெர்ட்ஸிலும் அதைவிட உயர்ந்த எஸ் பேண்ட் என்ற அலைவரிசையிலும் பேசுவதால், 1575 பக்கம் மட்டும் இரையும் ஜாமரிடமிருந்து தப்பலாம். ஆனால் எல்லா அலைவரிசையையும் சேர்த்து அடிக்கும் ஜாமரும் சந்தையில் உண்டு. பூட்டை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஆளைப் பிடிப்பது சிக்கனம்.

2025 டிசம்பர் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் தந்த பதிலில், செயற்கைக்கோள் வழிகாட்டலில் இடையூறு வருவதாகத் தகவல் வந்த விமான நிலையங்களில் சென்னையின் பெயரும் இருந்தது. டெல்லியில் நடந்தது இன்னும் மோசம்: சிக்னலை அமுக்காமல், பொய்யான சிக்னலைக் காட்டி இடத்தையே மாற்றிச் சொன்னது. மூலத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு உங்கள் கண்காணிப்புப் பிரிவிடம்தான் தரப்பட்டது. விமானிகள் உடனுக்குடன் தகவல் தெரிவிக்க வேண்டும் என்று நடைமுறை இருக்கிறது. விமானிக்கு இருக்கும் அந்த வசதி படகு ஓட்டுபவருக்கும் டிரெய்லர் ஓட்டுபவருக்கும் கிரேன் இயக்குபவருக்கும் இல்லை. ஒரு வாட்ஸ்அப் எண் கொடுங்கள். நேரம், இடம், செயலியின் ஸ்கிரீன்ஷாட், இந்த மூன்றும் அனுப்பினால் போதும் என்று வையுங்கள். அனுப்பியவருக்குப் பெட்டிகளின் பதிவோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்று ஒரு வரி பதில் வரட்டும். ‘இடையூறு ஏதும் இல்லை’ என்று எழுத வேண்டி வந்தால், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடத்தில் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்தாலே எங்களுக்குப் பாதி விளங்கிவிடும்.

ஓட்டுநர்களுக்கு ஒரு மாதம் கெடு கொடுங்கள். ஜாமரைப் போட்டுவிட்டுப் போக யார்டுகளில் ஒரு காலிப் பெட்டி வையுங்கள். பெயர் கேட்காமல் போட்டுவிட்டுப் போகட்டும். அதன் பிறகு பிடிபட்டால் சட்டப்படி நடக்கட்டும், அப்போதும் விற்றவரை முதலில் தேடுங்கள். வண்டி எங்கே நிற்கிறது என்பதற்கு மட்டும்தான் கண்காணிப்பு, பத்து நிமிட நிறுத்தத்துக்குப் படிக்காசில் கை வைப்பதற்கு இல்லை என்று டிரான்ஸ்போர்ட் முதலாளிகளும் ஒரு வார்த்தை சொன்னால், அந்தப் பெட்டி சீக்கிரம் நிரம்பும்.

எப்போது தொடங்குவது என்பதற்கும் ஒரு யோசனை உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், பெரும்பாலானவற்றில் மின்சாரமே ஓடாது. அந்த 61 நாளில் உங்கள் பெட்டிகளில் பதிவாவது பெரும்பாலும் சாலையிலிருந்தோ யார்டிலிருந்தோ வருவதுதான். தடை முடிந்து படகுகள் இயங்கத் தொடங்கிய வாரத்தில் புதிதாகக் கூடுவது எங்களுடையது. அதைத் தேடிக் கழற்ற நானும் என்னைப் போன்ற மெக்கானிக்குகளும் கூடவே வருகிறோம். ஆக, ஏப்ரல் 15-க்கு முன்னால் பெட்டி வந்துவிட வேண்டும். வைக்க மொட்டை மாடியும் கரன்ட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஏணி உள்பட.

இப்படிக்கு,
காசிமேட்டில் படகுகளுக்கு மின்னணுக் கருவி பொருத்தும் ஒருவன்